சம்பளமில்லாத சேவைக்கும் விசா விதி உண்டு: காட்டுக் குதிரைகளைப் பராமரிக்க அமெரிக்கா செல்ல விரும்பும் வாசகிக்கு

கடிதத்தின் சுருக்கம்

தமிழகத்தின் மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 29 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அவர், பல ஆண்டுகளாகத் தெருநாய்களுக்கு உணவு வைப்பதையும் அடிபட்டவற்றைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதையும் ஒரு கடமையாகவே செய்துவருகிறார். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மீட்கப்பட்ட காட்டுக் குதிரைகளைப் பராமரிக்கும் பண்ணை ஒன்றில் மூன்று மாதம் தொண்டு செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஏஜென்ட் ஒருவர் 2,40,000 ரூபாய்க்கு அதை ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லி, 40,000 ரூபாய் முன்பணமும், பாஸ்போர்ட்டையும், பட்டச் சான்றிதழின் அசலையும் வாங்கி வைத்திருக்கிறார்.

வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஐந்து மணி நேர வேலை; சம்பளம் கிடையாது; அதற்குப் பதிலாகத் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். சம்பளம் இல்லாததால் இது வேலையே ஆகாது, சுற்றுலா விசா போதும், நேர்காணலில் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாக மட்டும் சொல்ல வேண்டும், குதிரைகளைப் பற்றிப் பேச்செடுக்கவே கூடாது என்பது ஏஜென்ட்டின் அறிவுரை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் அவர் நம்பிக்கை கொடுத்திருக்கிறார். வாசகி தன் வேலையை ராஜினாமா செய்யவும் தயாராகிவிட்டார். படங்களில் குதிரைகளின் கழுத்தில் வெள்ளைத் தழும்புகளைப் பார்த்து, இவற்றை யார் இப்படிச் சித்திரவதை செய்தார்களோ என்று மனம் உடைந்ததாக எழுதுகிறார். காயம் ஆறிய குதிரைகள் மறுபடி காட்டில் விடப்படும் நாளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பா சம்மதித்துவிட்டார், அம்மாவோ, “குதிரை உதைத்தால் அங்கே உன்னை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டபடியே இருக்கிறார். இதெல்லாம் சட்டப்படி சரியா, நான் போகலாமா என்பது கேள்வி.

பதில்

அன்புச் சகோதரி,

உங்கள் ஆசை நல்ல ஆசை. அதைக் கைவிடச் சொல்வது இந்தப் பதிலின் நோக்கமன்று. ஆனால் இப்போது உங்கள் முன் வைக்கப்பட்டிருக்கும் ஏற்பாட்டின்படி நீங்கள் புறப்படக் கூடாது என்பதை ஒரு வழக்கறிஞராக உறுதியாகச் சொல்கிறேன். விசா அதிகாரியிடம் ஒரு பொய்யைச் சொன்னால் மட்டுமே நடக்கும்படி அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. அதே பயணத்தை, செய்யப்போவதை உள்ளபடியே சொல்லிப் போகக்கூடிய பயணமாக மாற்றியமைக்க வழியிருக்கிறது. அப்படி மாற்றினால் தங்கும் காலம் குறையலாம், உங்கள் கைச்செலவு கூடலாம், புறப்படுவது ஓராண்டு தள்ளியும் போகலாம். அந்த இழப்புகள் தாங்கக்கூடியவை.

சம்பளம் இல்லையென்றால் வேலை இல்லையா?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இந்த நம்பிக்கைதான். நம் ஊர்ப் பேச்சு வழக்கில் சம்பளம் வாங்காமல் செய்வதெல்லாம் சேவை. அமெரிக்கச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அந்நாட்டுக் குடிநுழைவுத் துறை முதலாளிகளுக்காக வெளியிட்டுள்ள கையேடு, உழைப்புக்கு ஈடாகத் தரப்படும் மதிப்புள்ள எதையும் ஊதியம் என்று வரையறுத்து, உணவையும் தங்குமிடத்தையும் பெயர் சொல்லியே அதில் சேர்க்கிறது. தொழிலாளர் சட்டத்திலும் இதே பார்வை உண்டு. 1985-இல் அலாமோ அறக்கட்டளை வழக்கில், அந்த அமைப்பு நடத்திய வணிக நிலையங்களில் உணவும் உடையும் உறைவிடமும் மட்டும் பெற்றுக்கொண்டு உழைத்தவர்கள், தாங்கள் தொண்டர்கள்தாம், ஊதியம் எதிர்பார்க்கவில்லை என்று தாங்களே சாட்சி சொன்ன பின்பும், அவர்கள் சட்டத்தின் கண்ணில் ஊழியர்களே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ‘வாரம் முப்பது மணி நேர உழைப்புக்குப் பதிலாக அறையும் சாப்பாடும்’ என்று எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்தைத் தொண்டு என்று நாம் அழைப்பதால் மட்டும் அது தொண்டாகிவிடாது.

இது வெறும் ஏட்டுச் சட்டமும் அன்று. 2025-இல் சுற்றுலாப் பயணியாக வட அமெரிக்காவுக்குச் சென்றிருந்த பிரிட்டன் இளம்பெண் ஒருவர், தங்கியிருந்த வீடுகளில் தங்குமிடத்துக்கு ஈடாக வீட்டு வேலைகள் செய்தார் என்ற காரணம் சொல்லப்பட்டு, ஏறத்தாழ மூன்று வாரம் அமெரிக்கத் தடுப்பு மையத்தில் இருக்க நேர்ந்தது. நுழைவிடத்தில் கைபேசியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அங்குள்ள அதிகாரிகளுக்கு உண்டு. உங்கள் வேலை நேரத்தையும் நீங்கள் செய்ய வேண்டிய பணிகளையும் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செய்திகளே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

அப்படியானால் வெளிநாட்டவர் அங்கே தொண்டே செய்ய முடியாதா? முடியும். அதற்கென்றே பி-1 எனப்படும் தற்காலிகப் பயண விசாவில் ஒரு வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சமய அமைப்போ இலாப நோக்கற்ற அறநிறுவனமோ முறையாக நடத்தும் தன்னார்வச் சேவைத் திட்டத்தில் பங்கேற்கலாம். அமெரிக்காவிலிருந்து ஊதியம் எதுவும் பெறக் கூடாது. தங்கியிருப்பதற்கான சில்லறைச் செலவுகளை அந்த அமைப்பு ஈடுகட்டலாம். பொருள் விற்பதும் நன்கொடை திரட்டுவதும் கூடாது. அந்த அமைப்பின் உறுப்பினராகவும் அதன் பணியில் உண்மையான ஈடுபாடு உள்ளவராகவும் விண்ணப்பதாரர் இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், இந்தியாவில் நிரந்தர முகவரி, அங்கே முதலில் சேரும் இடம், தங்கும் காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அந்த அமைப்பே கடிதம் தர வேண்டும். உங்களிடம் இருப்பதோ ஏஜென்ட்டின் தாளில் அடித்த ஒரு பக்கம் மட்டும்தான்.

இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறநிறுவனம் தன் தொண்டருக்கு ஒரு படுக்கையும் வேளைச் சாப்பாடும் தருவது வேறு. இத்தனை மணி நேர உழைப்புக்கு இது கூலி என்று பேரம் பேசுவது வேறு. அதனால்தான் மூன்று மாதத்துக்குப் பதில் மூன்று வாரமும், இலவசத் தங்குமிடத்துக்குப் பதில் உங்கள் சொந்தச் செலவில் தங்குவதும் பாதுகாப்பானது என்கிறேன். விருந்தினரைக் கட்டணம் வாங்கிக் குதிரைச் சவாரிக்கு அழைத்துச் செல்லும் வணிகப் பண்ணைகள் அங்கே ஏராளம். முகப்பில் மீட்பு என்று எழுதியிருந்தாலும் அத்தகைய இடங்களில் தொண்டராகச் சேரவே வேண்டாம்.

நேர்காணலில் சொல்ல வேண்டியது

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் சன்னலில் நீங்கள் நிற்கப்போவது சில நிமிடங்கள்தாம். அந்தச் சில நிமிடங்களில் சொல்லும் ஒரு பொய் வாழ்நாள் முழுவதும் தொடரும். விசா பெறுவதற்காக முக்கியமான ஓர் உண்மையை வேண்டுமென்றே மறைத்தோ திரித்தோ சொன்னது தெரியவந்தால், அந்நாட்டுக்குள் நுழையும் தகுதியையே அவர் நிரந்தரமாக இழக்கிறார். விலக்குக் கோரலாம், ஆனால் கிடைக்கும் என்று உறுதியில்லை. பின்னாளில் நீங்கள் மேற்படிப்புக்காகவோ, அலுவலகப் பணிக்காகவோ, அங்கே குடியேறிய உறவினரைப் பார்க்கவோ விண்ணப்பித்தாலும் இந்தத் தடை குறுக்கே நிற்கும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் தவறான விவரத்தை ஏஜென்ட்டே நிரப்பியிருந்தாலும், அது உண்மை என்று உறுதியளிப்பவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையதே. படிவத்தை நீங்களே நிரப்புங்கள்.

வேலையை ராஜினாமா செய்யும் எண்ணத்தைத் தயவுசெய்து நிறுத்திவையுங்கள். அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, ஒவ்வொரு விண்ணப்பதாரரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு வருபவர் என்றே முதலில் கருதப்படுகிறார். திரும்பி வருவேன் என்று காட்டும் பொறுப்பு அவருடையது. மணமாகாத, வேலையை விட்டுவிட்ட, மூன்று மாதம் பண்ணையில் தங்கப்போகிற ஒருவரின் விண்ணப்பம் அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடுகிறது. நிறுவனத்தில் ஊதியமில்லா விடுப்புக்கு விண்ணப்பித்து, விடுப்பு அனுமதிக்கப்பட்டது, இன்ன தேதியில் பணிக்குத் திரும்புகிறார் என்ற கடிதம் வாங்குங்கள். உங்களிடம் இருக்கக்கூடிய சான்றுகளில் அதற்கு இணையானது வேறில்லை. விசா மறுக்கப்பட்டாலும், உண்மையைச் சொல்லி மறுக்கப்பட்டவர் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏமாற்றுப் பேச்சு. வேலை விசா பொதுவாக அமெரிக்காவில் உள்ள ஒரு முதலாளி முன்கூட்டியே அரசிடம் மனுச் செய்து பெற வேண்டியது. பண்ணைத் தொண்டு அதற்கு ஏணியாகாது. விமான நிலையத்தில் ஐ-94 என்ற வருகைப் பதிவில் குறிக்கும் தேதியைத் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கினால் பத்து ஆண்டும் நுழையத் தடை வரும்.

அந்தக் குதிரைகளைப் பற்றி

இனி நீங்கள் மனதில் வைத்திருக்கும் குதிரைகளுக்கு வருகிறேன். சட்டத்தைவிட இந்தப் பகுதியைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனென்றால் விசா கிடைத்த பிறகும் உங்களை அங்கே கலங்கவைக்கக்கூடியது இதுதான்.

படத்தில் நீங்கள் பார்த்த வெள்ளைத் தழும்பு சித்திரவதையின் அடையாளம் அன்று. கழுத்தின் இடது பக்கம், பிடரி மயிருக்குக் கீழே, கோணங்களும் கோடுகளுமாக வரிசையாக இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அது அரசு இடும் குளிர் முத்திரை. திரவ நைட்ரஜனில் குளிர்வித்த உலோக முத்திரையை மழித்த தோலில் வைத்தால், அந்த இடத்தில் பிறகு வளரும் மயிர் நிறமிழந்து வெள்ளையாகிறது. முதற்குறி இது அரசின் பதிவு என்பதையும், அதை அடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரு குறிகள் பிறந்த ஆண்டையும், மற்றவை பதிவெண்ணையும் சொல்லும். ஒரு வகையில் அது குதிரைக்குக் காப்பு. இது பொது நிலத்திலிருந்து வந்தது, எந்த ஆண்டு பிறந்தது என்பதை யாரும் மறைக்க முடியாது.

மஸ்டாங் என்று அழைக்கப்படும் இந்தக் குதிரைகள், ஸ்பானியர் காலம் தொட்டு அங்கே கொண்டுவரப்பட்ட வீட்டுக் குதிரைகளின் வழிவந்து காட்டில் பழகியவை. நெடுந்தீவிலும் கோடியக்கரையிலும் திரியும் குதிரைகளும் இந்த வகைதான். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இவற்றை வண்டிகளாலும் விமானங்களாலும் துரத்திப் பிடித்து இறைச்சிக்கு அனுப்பினார்கள். நெவாடாவைச் சேர்ந்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற அலுவலக ஊழியர் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் நாடாளுமன்றத்தில் குவிந்தன. 1959-இல் மோட்டார் வண்டி கொண்டு வேட்டையாடுவதற்குத் தடையும், 1971 டிசம்பரில் இக்குதிரைகளையும் கழுதைகளையும் பாதுகாக்கும் தனிச் சட்டமும் வந்தன. உங்களைப் போலவே கணக்கு, கடிதம் என்று அலுவலக மேசையில் இருந்தவர் அவர் என்பதை உங்களுக்காகவே குறிப்பிடுகிறேன்.

சட்டம் காப்பாற்றிய பிறகுதான் இன்றைய சிக்கல் தொடங்கியது. பெரும்பாலான இடங்களில் இவற்றை வேட்டையாடும் விலங்குகள் போதிய அளவில் இல்லாததால், ஒரு மந்தை நான்கைந்து ஆண்டுகளில் இரு மடங்காகிவிடக்கூடும். மேற்கே பத்து மாநிலங்களில் இவை திரியும் பொது நிலங்களை நிர்வகிக்கும் அரசின் நில மேலாண்மைப் பணியகம், புல்லும் தண்ணீரும் தாங்கக்கூடிய அளவு ஏறத்தாழ 27,000 விலங்குகள் என்று 2020-இல் சொன்னது. அந்த ஆண்டில் அதன் மதிப்பீட்டின்படியே 95,000 அளவில் இருந்தன. ஹெலிகாப்டர் கொண்டு மந்தைகளை விரட்டிப் பிடிக்கிறார்கள். அதில் சில குதிரைகள் கழுத்தும் காலும் ஒடிந்து சாகின்றன, தாயும் குட்டியும் பிரிகின்றன. இது கொடுமை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அதே சமயம், வறட்சியில் வற்றிய குட்டையைச் சுற்றி எலும்பும் தோலுமாக நிற்கும் மந்தையை அப்படியே விட்டுவிடுவதும் கருணையன்று. பெட்டைக் குதிரைகளுக்கு ஊசித் துப்பாக்கியால் கருத்தடை மருந்து செலுத்துவது இரண்டுக்கும் நடுவிலான வழி; கிழக்குக் கடற்கரையில் உள்ள அசடீக் தீவில் 1990-களிலிருந்து இந்த முறை கைகொடுத்துவருகிறது.

பிடிபட்டவற்றில் 60,000-க்கும் மேற்பட்டவை 2024-இல் அரசின் கொட்டடிகளிலும் ஒப்பந்த மேய்ச்சல் நிலங்களிலும் இருந்தன. சிலவற்றைத் தனியார் தத்தெடுக்கிறார்கள். ஓராண்டுக்குப் பின் உரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் சிலர் ஏலத்தில் விற்றுவிடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்த கடைசிக் குதிரை இறைச்சிக் கூடங்கள் 2007-இல் மூடப்பட்டபின், ஏலத்தில் விலைபோகும் குதிரைகள் எல்லை தாண்டி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போகும் ஆபத்து உண்டு. நீங்கள் சேர விரும்பும் பண்ணை போன்றவை பெரும்பாலும் இந்த ஏலக் களங்களிலிருந்து குதிரைகளை வாங்கி வருகின்றன. அந்தக் குதிரைகள் மறுபடி காட்டுக்குப் போவதில்லை. தனியார் கையில் உள்ள குதிரையைப் பொது நிலத்தில் அவிழ்த்துவிடச் சட்டம் இடம் தராது. நல்ல பண்ணையில் அவை சாகும்வரை இருக்கும். குதிரை 25, 30 ஆண்டுகள்கூட வாழும். நீங்கள் காண ஆசைப்படும் அந்த விடுதலை நாள் அங்கே வராது என்பதை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து ஆண்டுக்கான புல்லையும் வேலியையும் மருத்துவரையும் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறார். உங்கள் மூன்று வாரம் அதில் ஒரு சிறு பங்கு.

அந்தப் பங்கு எப்படியிருக்கும்? சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு ஒன்பது, பத்து கிலோ உலர்புல் தின்று, இருபது கிலோ அளவுக்கு லத்தியும் சிறுநீருமாகக் கழிக்கும். ஐம்பது குதிரைகள் இருக்கும் இடத்தில் விடியலுக்கு முன்னே புல் கட்டுகளைச் சுமப்பதும், குளிர்காலமானால் தொட்டியில் உறைந்த பனியை உடைப்பதும், லத்தியை வாரிக் கொட்டுவதும், வேலிக் கம்பிகளைச் சரிபார்ப்பதுமே நாளின் பெரும்பகுதி. புதிதாக வந்த மஸ்டாங்கைத் தொடத் தொண்டர்களை விடவே மாட்டார்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். காலைத் தொட அனுமதிக்காத குதிரைகளை அசையவிடாத குறுகிய இடுக்குக் கூண்டுக்குள் நிறுத்தித்தான் அதைச் செய்கிறார்கள்.

தெருநாய்களோடு உங்களுக்குள்ள பழக்கம் பொறுமையைக் கற்றுத்தந்திருக்கும். ஆனால் கைப்பழக்கம் இங்கே உதவாது, சில நேரம் கெடுதலும் செய்யும். நாய் சோற்றைப் பார்த்து உங்களை நோக்கி வரும். குதிரை வேட்டையாடப்பட்ட இனம், எதைக் கண்டாலும் முதலில் ஓடவே நினைக்கும். வேலியோரம் அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், தோளுக்குப் பக்கவாட்டில் நின்று, அது தலையைத் தூக்கிக் காதுகளை உங்கள் பக்கம் திருப்பிய நொடியில் நீங்களும் அசையாமல் நின்றுவிட்டு, அது தலையைத் தாழ்த்தி வாயை அசைபோடத் தொடங்கியதும் ஓரடி பின்வாங்க வேண்டும். நீங்கள் நெருங்கி வந்தாலும் விலகிப் போகிறவர் என்று அது புரிந்துகொள்வதற்கே பல நாள் ஆகலாம். இதைக் கற்க நெவாடா வரை போக வேண்டியதில்லை. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள குதிரையேற்றப் பயிற்சி மையத்தின் லாயத்தில் ஆறு மாதம் வார இறுதிகளில் வேலை செய்யுங்கள். சவாரி வேண்டாம், தீனி வைப்பது, தலைக்கயிறு மாட்டுவது, குளம்பு சுத்தம் செய்வது, வயிற்றுவலி வந்த குதிரையை அடையாளம் காண்பது ஆகியவற்றை லாயக்காரரிடம் கேட்டுப் பழகுங்கள். அவர் தரும் சான்று, விசா நேர்காணலிலும் உங்கள் ஈடுபாட்டைக் காட்டும்.

பண்ணையை நீங்களே விசாரியுங்கள்

ஏஜென்ட் இல்லாமல் பண்ணைக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். அது 501(சி)(3) பிரிவின்கீழ் பதிவான அறநிறுவனமா என்பதை அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். இணையத்தில் பெயரைக் கொடுத்தே தேடலாம். அத்தகைய அமைப்புகள் தாக்கல் செய்யும் ஆண்டறிக்கையான படிவம் 990 பொதுமக்கள் பார்வைக்கு உரியது. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் உங்களுக்கு, பணம் புல்லுக்கும் மருத்துவருக்கும் போகிறதா, வேறெங்கோ போகிறதா என்று அதில் கண்டுபிடிக்கத் தெரியும். உலக விலங்கு சரணாலயங்கள் கூட்டமைப்பு சில காப்பகங்களை நேரில் ஆய்வு செய்து தரச்சான்று தருகிறது. அந்தப் பட்டியலில் இருப்பது நல்ல அறிகுறி.

பிறகு இவற்றைக் கேளுங்கள்: ஆண் குதிரைகளுக்குக் காயடிக்கிறீர்களா, அல்லது குட்டி ஈனவிட்டு விற்கிறீர்களா? கால்நடை மருத்துவர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறார்? வெளிநாட்டுத் தொண்டருக்கு விசாவுக்கான கடிதம் தருவீர்களா? பெண்கள் தங்குமிடத்தில் வேறு யார் தங்குகிறார்கள், கதவுக்கு உள்தாழ் உண்டா, கைபேசிக்குச் சிக்னல் கிடைக்குமா? முன்பு வந்துபோன இரண்டு பெண் தொண்டர்களிடம் பேச முடியுமா? ஏஜென்ட் சொல்லும் தொகையில் உங்களுக்கு எவ்வளவு வருகிறது? கடைசிக் கேள்விக்கு, அப்படி ஒருவரையே தெரியாது என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். “இந்தக் குதிரை நாளை கொலைக்குப் போகிறது, இன்றே பணம் அனுப்புங்கள்” என்று நாள்தோறும் கெடு வைத்து அழவைக்கும் பக்கங்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். குதிரை வியாபாரிகளே அப்படிப் பணம் பறிப்பது உண்டு.

அம்மாவின் கேள்வி

“குதிரை உதைத்தால் யார் பார்ப்பார்கள்?” என்ற உங்கள் அம்மாவின் கேள்வி சட்டப்படியும் சரியான கேள்வி. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், குதிரைகளோடு பழகுவதில் இயல்பாக உள்ள ஆபத்துகளால் காயம்பட்டால் பண்ணை பொறுப்பாகாது என்று சட்டமே உண்டு; பல பண்ணைகளின் வாசலில் அதை எழுதியே மாட்டியிருப்பார்கள். அதற்கு மேல், பொறுப்பிலிருந்து விடுவிக்கும் பத்திரம் ஒன்றிலும் உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். ஊழியருக்குக் கிடைக்கும் விபத்து இழப்பீடு தொண்டருக்குப் பொதுவாகக் கிடையாது. ஆக, உதைபட்டு எலும்பு முறிந்தால் மருத்துவமனைச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். அங்கே ஓர் அறுவை சிகிச்சை, உங்கள் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும்.

எனவே பயணக் காப்பீடு எடுக்கும்போது விலக்குப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். உடலுழைப்பு வேலை, விலங்குகளைக் கையாளுதல், சாகச விளையாட்டு என்ற பெயர்களில் சரியாக உங்களுக்குத் தேவையானதையே பல பாலிசிகள் விலக்கியிருக்கும். காப்பீட்டு நிறுவனத்திடம், பண்ணையில் குதிரைப் பராமரிப்பில் ஈடுபடுவேன், இது பாலிசியில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். புறப்படும் முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இறங்கும்போது, அண்மையில் கால்நடைகளின் அருகே இருந்தீர்களா என்று கேட்பார்கள். லாயத்தில் பழகியதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அங்கே அணிந்த காலணிகளைக் கொண்டுபோகாதீர்கள். நம் நாட்டுக் குதிரைகளிடையே உள்ள சில நோய்கள் அங்கே இல்லை. நாம் காக்கப் போகும் குதிரைக்கு நாமே நோயைச் சுமந்துபோகக் கூடாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது

முதலில் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். பாஸ்போர்ட் சட்டம், 1967-இன்படி அது மத்திய அரசின் சொத்து. அதை முடக்கிவைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே உண்டு, காவல்துறைகூட அதைச் செய்ய முடியாது என்று 2008-இல் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏஜென்ட்டுக்கு எந்த உரிமையும் இல்லை. பட்டச் சான்றிதழுக்கும் அதேதான். இரண்டையும் மூன்று நாளுக்குள் ஒப்படைக்கும்படி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

குடிபெயர்வுச் சட்டம், 1983-இன்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலைக்குச் செல்பவரிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். மத்திய அரசின் ‘இமைக்ரேட்’ இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இது வேலையே இல்லை, தொண்டுதான் என்று அவர் வாதிட்டால், வேலை விசாவாக மாற்றித் தருவேன் என்ற வாக்குறுதி எதற்கு என்ற கேள்வி எழும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவருக்குச் சிக்கல்தான். மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிடமும் இத்தகைய முகவர்கள் மீது புகார் தெரிவிக்கலாம்.

முன்பணத்துக்கு, தவறான தகவல் தந்து சேவையை விற்றார் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, நீங்களே நேரில் வாதாடலாம். பணம் கொடுத்ததற்கான வங்கிப் பதிவையும், சுற்றுலா என்று சொல்லச் சொன்ன வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாமல் நகலெடுத்து வையுங்கள். மனு எழுத உதவி தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.